புல்லை வெட்டிச் சுவர் எழுப்பியவர்கள்: வட்டாரக் கட்டடக்கலை, ஓர் எளிய அறிமுகம்

‘மண் வீடுன்னா குளுகுளுன்னு இருக்கும்’ என்று சொல்லாதவர் இல்லை. ‘அந்தக் காலத்து வீடு மாதிரி வருமா’ என்பதும் அடிக்கடி காதில் விழுகிற பேச்சுதான். இரண்டும் முழுப் பொய் இல்லை. ஆனால் எந்த மண், எந்த ஊர், எதனால் குளிர்ச்சி என்று கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. கான்கிரீட் கூரைமேல் நாலு வரிசை ஓட்டைப் பதித்துவிட்டு ‘பாரம்பரிய வீடு’ என்று பலகை மாட்டுவதும் இந்தக் குழப்பத்தில்தான்.

இதை விளக்க நம் ஊர் வீட்டை எடுக்காமல், வேண்டுமென்றே தூரத்து வீடு ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். நம் பாட்டி வீட்டின் மேல் நமக்குப் பாசம் அதிகம். பாசம் இருக்கும் இடத்தில் காரணம் சட்டென்று கண்ணில் படாது. அமெரிக்காவின் நடுப்பகுதியில், நெப்ராஸ்கா மாநிலத்தின் புல்வெளிகளில், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குடியேறியவர்கள் கட்டிய புல்மண் வீடுதான் அது.

குழம்பிலிருந்து தொடங்கலாம்

தென்னை நிறைந்த ஊரில் குழம்புக்குத் தேங்காய் அரைப்பார்கள். தென்னை இல்லாத கரிசல் காட்டில் அதே குழம்பு வேறு மாதிரி வரும். யாரும் புத்தகம் பார்த்துச் செய்வதில்லை. கையில் கிடைப்பது, ஊரின் தட்பவெப்பம், அம்மா செய்து பார்த்த கைப்பழக்கம் எல்லாம் சேர்ந்து ருசியைத் தீர்மானிக்கின்றன.

வீட்டுக்கும் இதே கதைதான். கட்டடக் கலைஞர் வரைந்து கொடுத்த வரைபடம் இல்லாமல், அந்த இடத்தில் கிடைக்கும் பொருளைக் கொண்டு, அந்த இடத்து வெயிலுக்கும் மழைக்கும் காற்றுக்கும் ஈடுகொடுக்கும்படி, அங்கே வாழ்பவர்களே கட்டிக்கொள்ளும் முறைக்கு வட்டாரக் கட்டடக்கலை என்று பெயர். பழையது என்பது இந்த வரையறையில் எங்கும் இல்லை. அரண்மனை எவ்வளவு பழையதானாலும் இதில் சேராது. போன வருடம் ஒரு மீனவர் பனையோலையில் கட்டிய கொட்டகை சேரும்.

குடியேறியவர்களின் வீடு இதில் தனி ரகம். கல்யாணமாகி வேறு மாவட்டத்துக்குப் போன பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். கையில் இருப்பது பிறந்த வீட்டுப் பக்குவம், கடையில் இருப்பது புகுந்த ஊர்ச் சாமான். முதல் ஆறு மாதக் குழம்பில் இரண்டும் மோதிக்கொள்ளும். குடியேறியவர் கட்டிய வீட்டில் அந்த மோதலைச் சுவரிலேயே பார்க்கலாம்.

மரமில்லாத 160 ஏக்கர்

1862 மே 20 அன்று, ஆபிரகாம் லிங்கன் ஹோம்ஸ்டெட் சட்டத்தில் கையெழுத்திட்டார். சிறு பதிவுக் கட்டணம் செலுத்தி 160 ஏக்கர் நிலத்தைக் கேட்டு வாங்கலாம். அங்கேயே 5 ஆண்டுகள் குடியிருந்து பயிரிட்டால் நிலம் சொந்தம். குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையால் எப்படியும் ஒரு வீடு எழும்பியாக வேண்டும், அதுவும் உடனே.

அது காலி நிலம் அல்ல என்பதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. பானி, ஒமாஹா முதலிய பூர்வகுடிகள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பூமி அது. மரச்சட்டம் நிறுத்தி, அதன்மேல் குச்சியும் புல்லும் பரப்பி, மண்ணால் மூடிய வட்டமான பெரிய வீடுகளில் அவர்கள் வாழ்ந்தார்கள். 1870-களில் பானி மக்கள் அங்கிருந்து இன்றைய ஓக்லஹோமாவுக்குப் பெயர வேண்டியதாயிற்று. மண்ணால் மூடிய வீடு அந்தப் புல்வெளிக்குப் பொருந்தும் என்பதற்குச் சாட்சி, குடியேறியவர்கள் வருவதற்கு முன்பே அங்கே நின்றுகொண்டிருந்தது.

வந்தவர்களில் பலர் அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்காரர்கள். ஜெர்மனி, ஸ்வீடன், செக் நாட்டுப் பகுதிகளிலிருந்து கப்பலேறி வந்தவர்களும் உண்டு. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினக் குடும்பங்களும் வந்தன. பெரும்பாலோருக்கு வீடு என்றால் மரம். இங்கேயோ கண்ணுக்கெட்டிய தூரம் புல். ஓடைக்கரையில் மட்டும் காட்டன்வுட் மரங்கள் சில. ரயிலில் வரும் பலகையை வாங்கக் காசு இல்லை. நல்ல கட்டடக் கல்லும் பெரும்பாலான இடங்களில் கிடையாது. காலுக்குக் கீழே இருந்தது புல்லும் மண்ணும்தான். அதையே வெட்டினார்கள். ‘நெப்ராஸ்கா பளிங்கு’ என்று அதற்குச் செல்லப் பெயரும் வைத்தார்கள்.

இதுவரை சொன்னதன் சாரம்: பொருள், தட்பவெப்பம், கைப்பழக்கம் மூன்றும் சேர்ந்து வட்டார வீட்டை உருவாக்குகின்றன. நெப்ராஸ்காவில் நான்காவதாக ஒரு சட்டமும் சேர்ந்துகொண்டது.

எல்லா மண் வீடும் ஒன்றல்ல

மண் வீடு என்ற ஒரே சொல்லில் நாம் பலவற்றைப் போட்டு அடைக்கிறோம். மண்ணைக் குழைத்துக் கையால் வைத்து வைத்து எழுப்புவது ஒரு வகை. அச்சில் வார்த்து வெயிலில் காயவைத்த பச்சைக்கல்லால் கட்டுவது இன்னொரு வகை. மேட்டுச் சரிவைக் குடைந்து, முன்பக்கம் மட்டும் சுவர் வைத்து, குகைபோல் ஒண்டிக்கொள்வது வேறொன்று. நெப்ராஸ்காவில் பல குடும்பங்கள் முதல் குளிர்காலத்தை இந்தக் குடைந்த வீட்டில்தான் கழித்தன.

புல்மண் வீடு இவை எதுவும் இல்லை. இதில் மண்ணைக் குழைப்பதில்லை, வார்ப்பதில்லை, காயவைப்பதும் இல்லை. புல்லும் வேரும் மண்ணும் சேர்ந்தபடியே தரையிலிருந்து பெயர்த்து எடுத்த பாளத்தைச் செங்கல்போல் அடுக்குகிறார்கள். இந்தப் பாளத்தைப் புற்கட்டி என்று சொல்லலாம்.

மண்ணுக்குள் வேர் என்ன செய்கிறது என்பதை அருகம்புல் பிடுங்கியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கைப்பிடி புல்லை இழுத்தால் உருண்டையாக மண்ணும் சேர்ந்தே வரும். உதறினாலும் லேசில் விழாது. கலப்பையே படாத அந்தப் புல்வெளியில் பல நூறு ஆண்டுகளாக வேர்மேல் வேர் பின்னிக் கிடந்தது. கட்டிடச் சுண்ணாம்போ களியோ செய்ய வேண்டிய பிணைப்பு வேலையை அங்கே வேர் ஏற்கெனவே செய்து முடித்திருந்தது.

மண்ணைப் புரட்டிப் போடாமல், பாய் உரிப்பதுபோல் நீளநீளமாகச் சீவி எடுக்கும் கலப்பை ஒன்று இதற்கென்றே இருந்தது. அகலம் ஏறக்குறைய 1 அடி, கனம் 4 அங்குலம். அந்தப் பட்டையை 2 அல்லது 3 அடி நீளத்துக்கு மண்வெட்டியால் துண்டு போடுவார்கள். மண் ஈரமாக இருக்கும்போது மட்டுமே வெட்டலாம். அன்றைக்குக் கட்டுவதற்கு வேண்டியதை அன்றைக்கே வெட்ட வேண்டும். காயவிட்டால் உதிர்ந்துபோகும்.

எவ்வளவு வேலை என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். உள்ளளவு 16 அடிக்கு 20 அடி, சுவர் 2 அடி கனம், 7 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். சுவரின் கன அளவு 1,120 கன அடி. 3 அடி நீளப் புற்கட்டி ஒன்று சரியாக 1 கன அடி. ஆக, கதவு சன்னலைக் கழித்துப் பார்த்தால் ஏறக்குறைய ஆயிரம் கட்டிகள். ஒவ்வொன்றும் 20 கிலோவுக்குக் குறையாது. 20 டன் மண்ணை ஒரு குடும்பம் கையால் தூக்கி அடுக்கியிருக்கிறது. அதற்காகத் தோலுரித்த தரை நம் கணக்கில் 7 சென்ட் வரும். வெட்டும்போது உடைந்ததும், கூரைக்குப் போட்டதும் இதில் சேரவில்லை.

சுவரும் சன்னலும்

அடுக்கும்போது புல் கீழே பார்க்கும்படி கவிழ்த்து வைப்பார்கள். கேட்டவுடன் தலைகீழாகத் தோன்றும். ஆனால் வேர் மேல்நோக்கி இருந்தால், அடுத்து வரும் கட்டிக்குள் அது புகுந்து பின்னிக்கொள்ளும். அடுக்கிய பிறகும் சில காலம் அந்தச் சுவருக்கு உயிர் இருந்தது.

மற்றதெல்லாம் எந்தக் கொத்தனாருக்கும் தெரிந்த பாடம். மேல்வரியின் மூட்டு கீழ்வரியின் மூட்டுக்கு நேரே விழக்கூடாது. இரண்டு கட்டிகளைப் பக்கம் பக்கமாக வைத்துக் கனம் கூட்டுவார்கள். மூன்று நான்கு வரிகளுக்கு ஒருமுறை கட்டிகளைக் குறுக்கே போட்டு உள்சுவரையும் வெளிச்சுவரையும் கட்டிப்போடுவார்கள். இடுக்கில் பொடிமண். முடிந்தபின் உட்புறத்தை மண்வெட்டியால் சீராகச் சீவி, களிமண்ணும் சாம்பலும் குழைத்துப் பூசுவார்கள். வசதி இருந்தால் வெள்ளையடிப்பு, இல்லையென்றால் செய்தித்தாள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் சன்னல். புற்கட்டிச் சுவர் காயக்காய, தன் எடையிலேயே சில அங்குலம் கீழே அமரும். மரச் சட்டம் அமராது. சுவரைச் சட்டத்தின் தலைவரை நெருக்கிக் கட்டிவிட்டால், இறங்கும் சுவர் சட்டத்தை நசுக்கிக் கண்ணாடியை உடைத்துவிடும். அதனால் சட்டத்துக்கு மேலே ஓர் இடைவெளி விட்டு, அதைத் தாண்டிப் பலகை போட்டு, பலகைமேல்தான் அடுத்த வரியை வைத்தார்கள். இடைவெளியில் கந்தல் துணியும் காகிதமும் திணித்தார்கள். சுவர் இறங்க இறங்கத் துணி அமுங்கும், கண்ணாடி பிழைக்கும். இந்த உத்தியை எந்தப் பொறியியல் கல்லூரியும் சொல்லித் தரவில்லை. யாரோ ஒருவருடைய கண்ணாடி உடைந்திருக்கும், பக்கத்துப் பண்ணைக்காரர் அதைப் பார்த்துக் கற்றிருப்பார். வட்டார அறிவு சேர்வது இப்படித்தான் என்பது என் எண்ணம்.

2 அடிச் சுவரில் சன்னல் குழாய்போல் ஆழமாகிவிடும், வெளிச்சம் உள்ளே வராது. அதற்கும் வழி கண்டார்கள். சன்னலின் பக்கங்களை உட்புறம் விரிந்து போகும்படி சீவிவிட்டார்கள். அப்படிக் கிடைத்த அகலத் திண்டு உட்கார இடமாயிற்று, பூந்தொட்டி வைக்கும் மேடையும் ஆயிற்று.

சுருக்கமாக: புற்கட்டி வேரால் கட்டுண்ட மண். கவிழ்த்து அடுக்கினால் ஒன்றோடொன்று பிணையும். சுவர் அமரும் என்பதை முன்கூட்டியே எதிர்பார்த்துச் சன்னல் வைத்தார்கள்.

குளிர்ச்சியும் கதகதப்பும் எப்படி வருகின்றன?

நெப்ராஸ்காவில் கோடையில் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும். குளிர்காலத்தில் உறைநிலைக்கும் கீழே 20, 30 டிகிரி இறங்குவதுண்டு. இரண்டையும் ஒரே சுவர் சமாளித்தது. இங்கேதான் மண் வீடு பற்றிய பேச்சில் பெரிய குழப்பம் நடக்கிறது. இரண்டு தனித்தனி விஷயங்களை ஒன்றாக நினைத்துவிடுகிறோம்.

அடுப்பை அணைத்த பிறகும் இரும்புத் தோசைக்கல் வெகுநேரம் சுடும். அது வெப்பத்தை வாங்கித் தேக்கி வைத்துக்கொள்கிறது. இந்தத் தேக்கும் திறனுக்கு வெப்ப நிறை என்று பெயர். அதே கல்லை இறக்கிவைக்கப் பிடிக்கும் மடித்த துணி வெப்பத்தைத் தேக்குவதில்லை, கைக்கு வராமல் தடுக்கிறது. இது வெப்பக் காப்பு. மண் அடிப்படையில் தோசைக்கல் இனம். துணி இனமாக அது அவ்வளவு கெட்டிக்காரத்தனம் உள்ளது அல்ல. அதனால்தான் கனமாக வைக்க வேண்டியிருக்கிறது. வேரும் சிறு காற்றிடைகளும் இருப்பதால் புற்கட்டிக்குத் துணியின் குணம் கொஞ்சம் கூடுதல்.

இப்போது மொட்டை மாடிக்கு வாருங்கள். உச்சி வெயில் மதியம் அடிக்கிறது, ஆனால் கீழ் அறை புழுங்கித் தவிப்பது இரவு ஒன்பது, பத்து மணிக்கு. வெப்பம் கான்கிரீட் தளத்தைக் கடந்து வர அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது. இதுதான் வெப்பத் தாமதம். மெல்லிய தளத்தில் இந்தத் தாமதம் சரியாகத் தூங்கும் நேரத்தில் வந்து முடிகிறது. 2 அடி மண் சுவரிலோ, பகலின் சூடு பாதி தூரம் வருவதற்குள் இரவு வந்துவிடும். வெளிப்பக்கம் குளிர்ந்து, வந்த சூட்டைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். உள்ளே எட்டும்போது பகலும் இரவும் கலந்த சராசரிதான் மிஞ்சும்.

குளிர்காலத்தில் இந்தக் கணக்கு மட்டும் போதாது. வாரக்கணக்கில் உறைபனி நீடித்தால் சராசரியும் உறைபனிதான். அங்கே கைகொடுத்தது அடுப்பும், காற்று புகாத சுவரும். பலகை வீட்டின் இடுக்குகளில் சமவெளிக் காற்று ஊசியாக நுழையும், இந்தச் சுவரிலோ அது வழியின்றி நின்றுவிடும். ஆகவே சின்ன அடுப்பே போதுமானதாக இருந்தது. விறகில்லாத நாட்டில் அது சாதாரண விஷயமா? மாட்டின் காய்ந்த சாணம், முறுக்கிய வைக்கோல், மக்காச்சோளச் சக்கை ஆகியவைதான் அவர்களுடைய எரிபொருள். சாணத்தை நம் வறட்டிபோல் தட்டுவதில்லை, புல்வெளியில் தானாகக் காய்ந்து கிடப்பதைப் பொறுக்கி வருவார்கள்.

ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். பகலுக்கும் இரவுக்கும் வெப்ப வித்தியாசம் பெரிதாக இருக்கும் ஊரில்தான் கனமான சுவர் முழுப் பலன் தரும். கடலோர ஊரில், இரவும் பகலைப்போலவே புழுங்கும் மாதங்களில், சராசரியே புழுக்கமாக இருக்கும். அங்கே காற்றோட்டம்தான் முதல் தேவை. ‘மண் வீடு எங்கே கட்டினாலும் குளிரும்’ என்ற நம்பிக்கை உடைவது இந்த இடத்தில்.

கூரையில் தோற்ற கதை

சுவரில் வென்றவர்கள் கூரையில் தோற்றார்கள். நடுவே ஒரு முகட்டு மரம், இருபுறமும் கழிகள், அதன்மேல் குச்சியும் புல்லும், எல்லாவற்றுக்கும் மேலே புற்கட்டி. மழை பெய்தால் ஊறும். வெளியே மழை விட்ட பிறகும் உள்ளே சொட்டிக்கொண்டே இருக்கும். அடுப்பின்மேல் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு சமைத்த கதை குடியேறியவர்களின் நினைவுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. ஊறிய கூரையின் பாரத்தில் முகட்டு மரம் முறிந்த வீடுகளும் உண்டு. காய்ந்த நாளில் மண் உதிரும், பூச்சியும் எலியும் சில நேரம் பாம்பும் விழும். உத்தரத்துக்குக் கீழே துணி கட்டித் தாங்கிக்கொண்டார்கள். கையில் நாலு காசு சேர்ந்ததும் பலரும் முதலில் மாற்றியது கூரையைத்தான்.

பழைய வீடு எல்லாவற்றிலும் உயர்ந்தது என்று எழுதுபவர்கள் இந்தத் துணியையும் குடையையும் விட்டுவிடுகிறார்கள். வட்டார வீடு ஒரு விடை, அவ்வளவுதான். சில கேள்விகளுக்கு நல்ல விடை, சிலவற்றுக்கு அரைகுறை.

முற்றத்துக்கு வந்த ஆர்கன்

1886-இல் சாலமன் புட்சர் என்ற புகைப்படக்காரர் நெப்ராஸ்காவின் கஸ்டர் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது) வண்டி கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் படம் எடுக்கத் தொடங்கினார். இந்த வீடுகளை இன்று நாம் இவ்வளவு நெருக்கமாகப் பார்க்க முடிவது பெரிதும் அவரால்தான். ஒரு படத்தில் குடும்பம் வெளியே மேசை போட்டுத் தர்ப்பூசணி தின்கிறது, பின்னால் கூரைமேல் மாடு நிற்பதுபோல் தெரிகிறது. சரிவோடு ஒட்டிக் கட்டிய வீடு அது. பின்பக்க மேட்டில் மாடு மேய, நம் கண்ணுக்கு அது கூரையாகிவிடுகிறது.

இன்னொரு படத்தில், கால்நடைகள் நிற்கும் முற்றத்தின் நடுவே பளபளக்கும் ஆர்கன் என்ற இசைப்பெட்டி ஒன்று. வீட்டு அம்மாவுக்குத் தங்களிடம் ஆர்கன் இருப்பதை ஊரிலுள்ள உறவினருக்குக் காட்ட வேண்டும். புல்மண் வீட்டைக் காட்டக் கூச்சம். ஆகவே ஆர்கனை வெளியே தூக்கி வந்து படம் எடுத்தபின் திரும்பத் தூக்கிப்போனார்கள். கூரை வீட்டில் வளர்ந்து, பள்ளித் தோழிகளை வீட்டுக்கு அழைக்கத் தயங்கிய யாருக்கும் அந்த அம்மாவின் மனம் விளங்கும். உள்ளே இருப்பவருக்கு வட்டார வீடு பெரும்பாலும் பெருமையாகத் தெரிவதில்லை.

அதே புல்லில் எல்லோரும் ஒரே வீட்டைக் கட்டவும் இல்லை. பெல்ஜியத்திலிருந்து வந்த இசிடோர் ஹோமோண்ட் அதே கஸ்டர் கவுண்டியில், 1880-களில், மூலைகளை உருண்டையாக எழுப்பிக் கோட்டைபோல் இரண்டு மாடி வைத்தார். கனடாவின் சஸ்கச்சுவானில், கிண்டர்ஸ்லி அருகே, இங்கிலாந்திலிருந்து வந்த ஜேம்ஸ் அடிசன் 1909 முதல் 1911 வரை கட்டிய வீட்டில் சுவர் அடியில் அகலம், மேலே போகப்போகக் குறுகும். சுவர் அமரும்போது நிலைகுலையாமலிருக்க அது உதவியது. இன்று அது கனடாவின் தேசிய வரலாற்றுச் சின்னம். பொருள் ஒன்றுதான், கொண்டுவந்த கைப்பழக்கமும் பொறுமையும் ஆளுக்கு ஆள் வேறு.

அதன் பிறகு

ரயில் பாதைகள் நெருங்க நெருங்கப் பலகை விலை கட்டுப்படியாயிற்று. விளைச்சல் கைக்கு வந்தவர்கள் பலகை வீட்டுக்குக் குடிபோனார்கள். கைவிட்ட வீடுகளில் முதலில் கூரை விழுந்தது, பிறகு மழை சுவரைக் கரைத்தது. வெளிப்புறம் பூச்சு பூசிக் காத்தவை மட்டும் தாங்கின. கஸ்டர் கவுண்டியில் காம்ஸ்டாக் ஊருக்கு அருகே 1900-இல் கட்டிய டவுஸ் குடும்பத்து வீட்டில் 1959 வரை ஆள் குடியிருந்தார்கள். இப்போது அதைச் சீர்செய்து அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், உள்ளே போய்ச் சன்னல் திண்டின் ஆழத்தைக் கையால் தொட்டுப் பார்க்கலாம்.

அப்படியொரு வீட்டை இன்று புதிதாகக் கட்ட நினைத்தால் முதலில் எதிர்ப்படும் சிக்கல் கட்டி வெட்ட இடம் தேடுவது. உழுத மண்ணில் அந்த வேர்ப் பின்னல் கிடையாது. வீட்டுக்காக 7 சென்ட் நிலத்தைச் சீவிய அதே குடும்பங்கள், மீதி நிலத்தை மக்காச்சோளத்துக்கும் கோதுமைக்கும் உழுதுவிட்டன. கலப்பை படாத புல்வெளி மிஞ்சியிருக்கும் இடத்தை முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.